கழற்றக் கூடாத ஸ்வெட்டர்

வெலிச்கா பின்னிய ஸ்வெட்டர்களில் ஒன்று ஜெர்மனியில் ஒரு நாய்க்குப் படுக்கையாக இருந்தது. இன்னொன்று பக்கத்து வீட்டு மின்காவின் தண்ணீர்ப் பம்பு பனியில் உறைந்துவிடாமல் காத்துக்கொண்டிருந்தது. மற்றவை அவள் புருஷன் திராயனின் பெட்டியில், அந்துருண்டை வாசத்தோடு ஒரு நல்ல நாளுக்காகக் காத்திருந்தன. ஒவ்வொரு ஸ்வெட்டரையும் கையில் வாங்கும்போது திராயன், "இவ்வளவு நல்லதைச் சும்மா போட்டுத் தேய்ப்பாங்களா? நல்ல நாளுக்கு இருக்கட்டும்" என்பார். மகள் கல்யாணம் வந்து போனது, பேரன் ஞானஸ்நானம் வந்து போனது, எத்தனையோ புத்தாண்டு வந்து போனது. எதுவும் அவருக்கு நல்ல நாளாகப் படவில்லை.

நாய் விஷயத்தை மகள் ரலிட்சா தானாகச் சொல்லவில்லை. வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது மகளின் தோளுக்குப் பின்னால் ஒரு பச்சைக் கோடு தெரிந்தது. வெலிச்காவின் கண்ணுக்குத் தன் பின்னல் தப்புமா? கேட்டதற்கு மகள், "அதுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கும்மா, வேற எதுலயும் படுக்கவே மாட்டேங்குது" என்றாள். அதைப் பாராட்டு என்றே நினைத்துச் சொன்னாள் அந்தப் பெண்.

உள்ளதைச் சொல்வதென்றால் குற்றம் முழுவதும் மற்றவர்கள் மேல் இல்லை. குடிநீர் அலுவலகத்தில் காலமெல்லாம் மீட்டர் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்ற வெலிச்காவுக்கு, இனி எதையும் அளப்பதில்லை என்று ஒரு வைராக்கியம். முதலில் கையகலத்துக்கு ஒரு துண்டு பின்னி அளந்து பார்த்துவிட்டுத் தொடங்கு என்று பின்னல் தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள். "பெரிய பனிட்சா சுடறதுக்கு முன்னாடி குட்டி பனிட்சா ஒண்ணு சுட்டுப் பாக்கறோமா?" என்று அவள் திருப்பிக் கேட்பாள். பனிட்சா என்கிற பாலாடைக்கட்டி ரொட்டிக்குக் கழுத்தும் கையும் கிடையாது என்பதை அவளிடம் எடுத்துச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. கழுத்து வழியே தலை வெளியே வந்தால் காதுகள் உள்ளேயே தங்கிவிடும். இடது கை எப்போதும் வலது கையைவிட நீளம். வயிற்றுப் பக்கம் இன்னொரு ஆள் உள்ளே வந்து குடியிருக்கலாம்.

இத்தனைக்கும் சின்னச் சின்னப் பொருட்களில் அவளை அடிக்க வ்ராப்செவோ ஊரில் ஆள் இல்லை. ஈஸ்டருக்குச் சிவப்பு முட்டைகளுக்குத் தொப்பி, கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடக் கட்டைவிரல் அளவுக் காலுறை என்று எதைச் செய்தாலும் ஜனங்கள் பறித்துக்கொண்டு போவார்கள். எல்லாவற்றுக்கும் மேல் மார்த்தெனிட்சா. மார்ச் முதல் தேதி வந்தால் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய கயிறு கட்டாத மணிக்கட்டு இந்த நாட்டில் உண்டா? தெரு முழுக்க வெலிச்காவின் கயிறுதான். மேயருக்கும் அதுதான், மேயரின் குதிரைக்கும் அதுதான். நாரையையோ பூத்த மரத்தையோ பார்க்கும் வரை அதைக் கழற்றக் கூடாது. பார்த்த பிறகு அவிழ்த்து ஒரு மரத்தில் கட்டிவிட வேண்டும். தனக்குத் தானே கட்டிக்கொண்டால் அது செல்லாது, இன்னொருவர் கொடுத்துத்தான் கட்ட வேண்டும்.

அதனால்தான் ஒவ்வொரு மார்ச் முதல் தேதி மாலையிலும் வெலிச்காவின் மணிக்கட்டு மொட்டையாக இருந்தது. மிட்டாய்க் கடைக்காரனுக்கு யார் மிட்டாய் வாங்கித் தருவார்கள்? பெட்டி நிறைய வைத்திருக்கிறவளுக்கு நாம் வேறு கொடுக்க வேண்டுமா என்று ஊரே நினைத்தது, திராயனும் அப்படியே நினைத்தார். அவளும் கேட்கவில்லை. கேட்டு வாங்கினால் அது என்ன மார்த்தெனிட்சா?

அவள் விரும்பியது வேறு ஒன்றை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். கண்ணை மூடுவதற்குள் தான் பின்னிய ஒரு ஸ்வெட்டரை ஒரு மனிதப் பிறவி போட்டுக்கொண்டு ஊர்ச் சதுக்கத்தில் பட்டப்பகலில் நடக்க வேண்டும். அதைத் தான் பார்க்க வேண்டும். அந்தப் பிறவி தன் புருஷனாகவே இருந்துவிட்டால் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி.

யோசனை ஜனவரியில், கயிறு முறுக்கிக்கொண்டிருந்தபோது உதித்தது. நூலின் ஒரு முனையை அவளும் மறுமுனையை மின்காவும் பிடித்து, எதிரெதிராக முறுக்கிக்கொண்டிருந்தார்கள். "இத்தனூண்டு கயித்தைக் கழட்டச் சொன்னாக்கூட ஊர் சண்டைக்கு வருது" என்று மின்கா ஏதோ பேச்சுக்குச் சொன்னாள். வெலிச்காவின் கை நின்றுவிட்டது. மார்த்தெனிட்சா இத்தனூண்டுதான் இருக்க வேண்டும் என்று எந்தச் சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது?

மார்ச் முதல் தேதி காலை, திராயன் இன்னும் காபி குடித்து மனிதராகவில்லை. பின்னாலிருந்து ஒன்று அவர் தலைவழியே இறங்கி, காதுகளைப் பிடித்து இழுத்து, தோளில் வந்து உட்கார்ந்தது. உடம்பு ஒரு பாதி சிவப்பு, மறு பாதி வெள்ளை. கைகளில் சிவப்பும் வெள்ளையுமாக வளையம் வளையமாகக் கோடு. கழுத்தில் இரண்டு குஞ்சம், ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழம் பெரிசு. இடது கை வழக்கம்போல விரல்களை விழுங்கியிருந்தது.

"வெள்ளையும் சிவப்புமா, நோய்நொடி இல்லாம நல்லா இருய்யா" என்று அவள் வாழ்த்து சொன்னாள்.

திராயன் கையைப் பார்த்தார், குஞ்சத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். மெதுவாக விஷயம் விளங்கியது. "ஏ வெலிச்கா, இது ஸ்வெட்டர்டி."

"மார்த்தெனிட்சா. வாழ்த்து சொல்லிப் போட்டாச்சு. கழட்டறதுன்னா கழட்டிக்கோ, வர்ற வருஷம் உனக்கு எது நடந்தாலும் நான் பொறுப்பில்ல."

மார்த்தெனிட்சா கட்டுவதே ஊர்க்கதைகளில் வரும் மார்த்தா கிழவியைச் சாந்தப்படுத்தத்தான், அவளோடு விளையாட யாருக்குத் தைரியம் உண்டு? காலையில் வெயில் அடித்து மதியம் பனி கொட்டுகிற மார்ச் மாதத்துக்கே அதிபதி அவள். கோபம் வந்தால் எலும்பு வரைக்கும் குளிர் ஏற்றுவாள். திராயன் மூடநம்பிக்கை இல்லாதவர்தான், பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தவர். ஆனால் எதற்கு வம்பு? பேசிப் பேசி அவர் வென்றெடுத்தது ஒரே ஒரு சலுகை. இரவில் ஸ்வெட்டர் நாற்காலியில் தொங்கலாம், ஏனென்றால் நாரைகளும் இரவில் தூங்கும்.

அன்று சதுக்கத்தில் அவர் நடந்ததை வெலிச்கா ரொட்டிக் கடை ஜன்னல் வழியே பார்த்தாள். எத்தனை வருஷ ஆசை. ஆனால் நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இல்லை. தூக்குக்குப் போகிறவன் மாதிரி நடந்தார் மனிதர். ஊர்க்காரர்கள் விடுவார்களா? மார்த்தெனிட்சாவில் தொங்கும் நூல் பொம்மையின் பெயரைச் சொல்லி "ஏ பிஷோ" என்று கூப்பிட்டார்கள். கட்டிப்போட்டுக் கல்யாணம் பண்ணி வைத்த மாப்பிள்ளையைப் பார்த்துப் பெண் எப்படிச் சந்தோஷப்படுவாள்? போட்டுக்கொண்டால் மட்டும் போதாது, மனமுவந்து போட்டுக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை நிலைமை இன்னும் மோசமானது. திராயன் வட்டாரக் கால்பந்து ஆட்டங்களுக்கு நடுவர். அந்த வாரம் ஆட்டம் வ்ராப்செவோவுக்கும் பக்கத்து ஊர் லொசெனுக்கும். லொசென்காரர்கள் மஞ்சள் சட்டை. வ்ராப்செவோவின் சட்டை, கெட்ட நேரம், சிவப்பும் வெள்ளையும்.

வெலிச்கா மைதானத்துக்குப் போகவில்லை. மின்கா மூச்சிரைக்க ஓடி வந்து எல்லாவற்றையும் நடித்தே காட்டினாள். நடுவரின் கறுப்புச் சட்டை ஸ்வெட்டருக்கு மேல் ஏற மறுத்து, அக்குளில் கிழிந்து, கடைசியில் கழற்றி எறியப்பட்டதாம். லொசென் அணித் தலைவன் சாவா, கசாப்புக் கடைக்காரன், ஆள் கதவு அகலம். அவன் நேரே வந்து, நடுவர் எதிரணிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வரலாமா என்று கத்தினானாம். திராயன் "இது மார்த்தெனிட்சா" என்றாராம். சாவா தன் மணிக்கட்டில் இருந்த கயிற்றைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டானாம். இந்த நாட்டில் ஒருவனைக் கால்சட்டையைக் கழற்றச் சொன்னாலும் சொல்லலாம், மார்த்தெனிட்சாவைக் கழற்றச் சொல்ல முடியாது.

"அதுக்கப்புறம் மழை வேற பிடிச்சுக்கிச்சு அக்கா. உன் சிவப்புச் சாயம் ஓடி, அண்ணன் கழுத்தெல்லாம் ரோசாப்பூ மாதிரி ஆயிடுச்சு. அந்தக் கோலத்துல நமக்கு ஒரு பெனால்டி குடுத்தாரு. நியாயமான பெனால்டிதான், நான் ஆணையிட்டுச் சொல்லுவேன். ஆனா அந்தக் கழுத்தைப் பாத்தா யாரு நம்புவாங்க? லொசென்காரங்க மொத்தமா உள்ள பூந்துட்டாங்க. சாவா வந்து அண்ணன் காதுல என்னமோ சொன்னான். அடிச்சிருந்தாக்கூட அண்ணனுக்கு மூஞ்சி அப்படிச் செத்துப் போயிருக்காது. ஆட்டம் முடியறதுக்கு முன்னாடியே விசிலை ஊதிட்டாரு."

அன்று மாலை வட்டாரச் சங்கத்திலிருந்து போன் வந்தது. நாரை வரட்டும், பிறகு மைதானத்துக்கு வந்தால் போதும் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். திராயன் விசிலைக் கழற்றி ஆணியில் மாட்டினார். வெலிச்கா திட்டுக்குத் தயாராக உட்கார்ந்திருந்தாள், ஆனால் அவர் திட்டவில்லை. சூப்பைக் குடித்துக்கொண்டே அவளுடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மனசு வலித்தது அவளுக்கு. ஆசைக்கு ஒரு ஸ்வெட்டர் போட்டுவிடப்போய் மனிதரின் விசிலைப் பிடுங்கிவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டாள். அதற்காகக் கழற்றச் சொன்னாளா என்றால், அதுவும் இல்லை.

முதல் வாரம் திராயன் வசந்தத்தைத் தேடித் திரிந்தார். தூரநோக்கியோடு தன்யூப் ஆற்றுச் சதுப்பில் நின்று, கொக்கையெல்லாம் நாரை என்று சொல்லிப் பார்த்தார். ஒரு நாள் ஜாடியில் பூத்த கிளையோடு வந்தார். மின்கா வீட்டு அடுப்புக்குப் பின்னால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துப் பூக்கவைத்த வாதுமைக் கிளை.

"மரம் பூத்துடுச்சு பாரு."

"மரம்னா வேர் இருக்கணும்யா" என்று சொல்லி வெலிச்கா ஜாடியை மேசைக்கு நடுவில் அழகாக வைத்தாள்.

பிறகு ஏனோ தேடுவதை நிறுத்திவிட்டார். சாப்பிட்டதும் மைதானத்துக்குப் போவார். அங்கே வலையும் பந்தும் போட்டுவைக்கும் அறையின் சாவி இன்னும் அவரிடம் இருந்தது. பந்துகளுக்குக் காற்று அடிக்கப் போவதாகச் சொன்னார். அவ்வளவு காற்று அடித்தால் பந்து வெடித்துவிடாதா என்று வெலிச்கா கேட்கவில்லை.

ஸ்வெட்டரின் இடது கை மாறுவதைக் கவனித்தபோது அவளுக்கு முதலில் பெருமைதான் வந்தது. விரல்களை மறைத்த கை மணிக்கட்டுக்கு வந்து சரியாக நின்றது. போடப் போடப் படிந்துவிட்டது, என் பின்னலும் பழுத்துவிட்டது என்று மின்காவிடம் பீற்றிக்கொண்டாள். இரண்டு நாள் கழித்து மணிக்கட்டு எலும்பு தெரிந்தது. பிறகு கைக்கடிகாரம் முழுசாகத் தெரிந்தது. அவர் முகம் கழுவப் போன சமயம் நாற்காலியிலிருந்து ஸ்வெட்டரை எடுத்துப் பார்த்தாள். அவள் எப்போதும் கழுத்திலிருந்து கீழ்நோக்கிப் பின்னுகிறவள். ஆகவே கை நுனியில் முடிச்சை அவிழ்த்து நூலை இழுத்தால் கோடு கோடாகக் கழன்றுவரும். அங்கே அவளுடைய முடிச்சு இல்லை. பன்றியைக் கட்டுகிற மாதிரி வேறு யாரோ போட்ட முடிச்சு இருந்தது.

வெலிச்கா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். கழற்றக் கூடாது என்றால் கரைத்துவிடலாம் என்று கண்டுபிடித்திருக்கிறார். தினம் கொஞ்சம் கொஞ்சமாக, எலி அரிக்கிற மாதிரி. நாய் படுத்ததற்குக்கூட அவள் இவ்வளவு அழவில்லை. நாய்க்காவது அது பிடித்திருந்தது.

ஸ்வெட்டரை மடிப்புக் கலையாமல் நாற்காலியில் திரும்பப் போட்டாள். கேட்கவில்லை. எவ்வளவு தூரம்தான் போகிறார் பார்ப்போம் என்று அவளுக்கும் ஒரு வீம்பு. முழங்கையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது கை.

அந்த வாரக் கடைசியில் மின்கா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள். அவள் கையில் கயிறு இல்லை.

"அக்கா, நீ இன்னும் பாக்கலயா? போஸ்டாபீஸ் கம்பத்துல நாரை ஜோடியா வந்து உக்காந்து நாலு நாளாச்சு. ஊரே கயித்தை அவுத்து மரத்துல கட்டிடுச்சு. அண்ணன் தினம் அந்த வழியாத்தான் போறாரு. செருப்பைத் தொலைச்சவர் மாதிரி தரையைப் பாத்துக்கிட்டே போறாரு. நேத்து கம்பத்துலயே முட்டிக்கிட்டாரு."

வெலிச்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. கழற்றத் துடிக்கிற மனிதர், கழற்ற வழி தலைக்கு மேலே நிற்கும்போது எதற்குத் தரையைப் பார்க்கிறார்? ஒன்று மட்டும் தோன்றியது. கடைசி இழை வரை பிரித்துத் தீர்த்தால்தான் அவர் ஆத்திரம் அடங்கும் போலிருக்கிறது. மேலங்கியை மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு நடந்தாள். சதுக்கத்தில் தலைக்கு மேல் கடகடவென்று அலகு தட்டும் சத்தம் கேட்டது. பார்க்கவில்லை. இருக்கிற ஆத்திரத்தில் நாரை ஒரு கேடா?

பந்து அறைக் கதவைத் தள்ளினாள். திராயன் கவிழ்த்த பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். சிவப்பு நூலும் வெள்ளை நூலும் ஒரு முனையில் ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தன, மறுமுனை அவர் பல்லில். காலடியில் முடிச்சும் சிக்குமாகக் குப்பை குப்பையாக நூல்.

"கோவம்னா எம் மேல காட்டுய்யா" என்றாள் வெலிச்கா. "அந்த ஸ்வெட்டர் உன்ன என்ன பண்ணிச்சு?"

திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி விழித்தார் திராயன். வாயைத் திறந்ததும் நூல் நழுவி, முறுக்கு சுருண்டு, இன்னொரு சிக்கு தரையில் சேர்ந்தது. அதைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார்.

"லொசென்காரன் என் காதுல என்ன சொன்னான் தெரியுமா? 'பொண்டாட்டி உனக்கு இம்மாம் பெருசு போட்டு விட்டிருக்காளே, நீ அவளுக்கு என்னய்யா கட்டி விட்ட?'ன்னு கேட்டான். அவன் கசாப்புக் கடைக்காரன். அவன் கையில ஒண்ணு, அவன் பொண்டாட்டி கட்டினது. அவ கையில ஒண்ணு, இவன் கட்டினது. வீட்டுக்கு வந்து உன் கையைப் பாத்தேன்."

வெலிச்கா தன்னையறியாமல் மணிக்கட்டை மேலங்கிக்குள் இழுத்துக்கொண்டாள்.

"கடையில வாங்க வேண்டியதுதானே?"

"வாங்கினா, இது மெஷின்ல முறுக்கினதும்ப."

சொல்லியிருப்பாள்தான். "என் கூடை நிறைய நூல் இருக்கே. எதுக்கு இதைப் பிரிக்கணும்?"

"உன் கூடை நூல்ல செஞ்சா, நீயே உனக்குக் கட்டிக்கிட்ட மாதிரி. அது செல்லாது." திராயன் முழங்கை வரை ஏறிவிட்ட கையை நீட்டிக் காட்டினார். "இது என் நூல். நீ எனக்குக் குடுத்தது. என்கிட்ட வேற என்ன நூல் இருக்கு?"

பெரிய சண்டைக்குத் தயாராக வந்திருந்தவளுக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது, சிரிப்பு கொஞ்சம் முந்திக்கொண்டது. ஸ்வெட்டரைக் கரைக்கிறார் என்று நினைத்தாளே, அது தன் சொத்து என்று இந்த உலகத்தில் முதல்முதலாக ஒருவர் உரிமை கொண்டாடியிருக்கிறார்.

"நாரை வந்து நாலு நாளாச்சாமே."

"அப்படியா? நான் பாக்கல" என்றார் திராயன், வேகமாக. "பாத்தா இதைக் கழட்டி மரத்துல மாட்டணும். அப்புறம் நூலுக்கு எங்க போறது?"

வெலிச்கா தரையில் கிடந்த சிக்குகளைக் காலால் ஒதுக்கினாள். "மனுஷா, இது ஒத்தை ஆள் வேலை இல்லய்யா. ஒரு பக்கம் ஒருத்தர், இன்னொரு பக்கம் ஒருத்தர் பிடிச்சு முறுக்கணும். வருஷா வருஷம் நானும் மின்காவும் செய்யறதைப் பாத்ததில்லையா?"

"நீங்க ஆரம்பிச்சதும் நான் வெளிய போயிடுவேனே." ஜன்னல் கம்பியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நீ பிடிச்சா அது செல்லுமா?"

அவள் யோசித்தாள். சட்டச் சிக்கல்தான். "நான் பிடிக்கல. கம்பி மாதிரி சும்மா நிக்கிறேன். நீ முறுக்கு" என்று சொல்லி ஒரு முனையை வாங்கிக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஆனால் விரல்கள் சும்மா இருக்குமா? பழக்கத்தில் அவை எதிர்ப்பக்கமாக முறுக்கிக்கொண்டே இருந்தன. திராயன் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

வந்து சேர்ந்த கயிறு ஆட்டைக் கட்டலாம் போலத் தடிமனாக இருந்தது. நடுவில் ஒரு முடிச்சு. ஒரு குஞ்சம் மொட்டை, இன்னொன்று தாடி. மின்கா இப்படிச் செய்திருந்தால் வெலிச்கா அடுப்பில் போட்டிருப்பாள். திராயன் அதை அவள் மணிக்கட்டில், பன்றி முடிச்சே போட்டு, இறுக்கிக் கட்டினார்.

"வெள்ளையும் சிவப்புமா நல்லா இரு வெலிச்கா. லேட்டாயிடுச்சு."

"இறுக்கிட்டய்யா, கை மரத்துப் போகுது" என்றாள் அவள். தளர்த்த வந்த அவர் கையைத் தட்டிவிட்டாள்.

மைதானத்திலிருந்து வீட்டுக்கு வழி சதுக்கம் வழியாகத்தான். இருவரும் சேர்ந்து நடந்தார்கள். ஒரு கை முழுசும் ஒரு கை அரையுமாக ஸ்வெட்டரில் திராயன், மேலங்கிக் கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டு வெலிச்கா. ரொட்டிக் கடைக்காரர் வாசலுக்கு வந்துவிட்டார். இந்தத் தடவை தூக்குக்குப் போகிறவர் நடையில்லை. மனிதர் மார்பை நிமிர்த்தி, எலுமிச்சம்பழக் குஞ்சம் ஆட ஆட நடந்தார். அதையெல்லாம் ஜன்னல் வழியே பார்க்க வேண்டிய அவசியம் வெலிச்காவுக்கு இல்லை, பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்தது மார்பு மட்டும்தான். தலை தொங்கியிருந்தது, பார்வை செருப்பு நுனியில் இருந்தது. அவளுடைய பார்வையும் அப்படியே.

போஸ்டாபீஸ் கம்பத்தின் உச்சியில் இரண்டு நாரைகளும் கழுத்தைப் பின்னால் வளைத்து ஊரே அதிரும்படி அலகு தட்டின. ஒரு சுள்ளி திராயன் தோளில் வந்து விழுந்தது. அவர் அதைத் தட்டிவிட்டுவிட்டு நடந்தார்.

எதிரே வந்த மின்கா நின்றுவிட்டாள். "அண்ணே, அக்கா, என்னாச்சு ரெண்டு பேருக்கும்? அதோ, தலைக்கு மேலயே நிக்குதே."

"எது?" என்றார் திராயன், தரையைப் பார்த்தபடியே.

"கேக்காதய்யா" என்று அவர் அரைக் கையைப் பிடித்து இழுத்தாள் வெலிச்கா. "குனிஞ்சு நட."